நீரோடி பக்கம் கடலோர வில்லாவில் ஒரு நாள் முழுக்கக் குளத்தங்கரைச் சாப்பாடு: 12 பெரியவங்க, 4 பிள்ளைங்க. திட்டம் சரியா?

பாறசாலைவாசி

கொல்லங்கோடு தாண்டி, நீரோடிக்கும் பொழியூருக்கும் இடையில் கடலைப் பார்த்த வில்லா ஒண்ணு, ஜனவரி மூணாம் வாரம் ஒரு நாளைக்கு எடுத்திருக்கு. 12 பெரியவங்க, 5 வயசு முதல் 11 வயசு வரை 4 பிள்ளைங்க. நீச்சல் குளம் 10 மீட்டர் நீளம், 5 மீட்டர் அகலம், ஆழம் 1.2-ல் தொடங்கி 1.5 மீட்டர். குளத்துக்கு மேற்கே புல்தரை, அதுக்கப்புறம் மதில், மதிலுக்கு அப்பால் கடல். கிழக்கே வீடு, அடுக்களை, நீளமான திண்ணை.

இப்போதைய திட்டம்: காலை 9-க்கு புட்டு, பயறு, பப்படம். மத்தியானம் 1-க்கு குளத்தங்கரையில் இலை போட்டு முழுச் சத்யா (பல கறி வச்ச விருந்துச் சாப்பாடு). 5-க்கு காப்பியும் பலகாரமும். ராத்திரி 8-க்கு மேல் புல்தரையில் மீன் சுடுறது. ஒரு சமையற்காரர், ஒரு கையாள் உண்டு. எதை மாத்தணும், அளவு எவ்வளவு வாங்கணும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மேற்குக்காற்று

மெனு நல்லாத்தான் இருக்கு, நேரமும் இடமும்தான் தலைகீழா விழுந்திருக்கு. ஜனவரியில் அந்தக் கரையில் காலையில் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். பத்தரை, பதினொண்ணுக்கு மேல் திரும்பி கடலிலிருந்து ஏறும். 1 மணி முதல் 4 மணி வரைதான் அது நல்லா வீசுற நேரம். அந்த நேரத்தில் திறந்த வெளியில் இலை போட்டா, சோறு விழுறதுக்கு முன்னாடியே நுனி மடங்கி மேலே ஏறும். கூடவே மணல் பொடியும் வரும். பப்படம் பத்து நிமிஷத்தில் நமத்துப் போகும், உப்புப் பாத்திரம் கட்டி பிடிக்கும்.

மீன் சுடுற இடமும் தப்பு. புல்தரை குளத்துக்கு மேற்கே இருக்கு. சாயங்காலம் கடல்காற்று இருக்கும்போது அங்கே அடுப்பு வச்சா புகையும் சாம்பலும் நேரா குளத்துத் தண்ணியில் விழும், அதைத் தாண்டி சாப்பிடுறவங்க முகத்தில் அடிக்கும். அடுப்பு கிழக்கே, வீட்டுச் சுவரிலிருந்து மூணு மீட்டராவது தள்ளி வடகிழக்கு மூலையில் இருக்கணும், சன்னலை அடைச்சிடணும். சாப்பாட்டு மேசை குளத்துக்குத் தெற்கே. அப்போ புகை யார் மேலேயும் வராது. ஆனா இது எட்டு, எட்டரை வரைக்கும்தான். அதுக்கப்புறம் காற்று விழுந்து, பிறகு கரைக்காற்றா திரும்பும். அப்போ அதே அடுப்பு குளத்தைப் பார்த்துப் புகைய ஆரம்பிக்கும். அதனால சுடுறதை 5:30-க்குத் தொடங்கி 7:30-க்குள் முடிங்க.

நிழல் விஷயமும் சொல்லிடுறேன். ஜனவரியில் உச்சிவெயில் தெற்கே சாய்ஞ்சு வரும், நிழல் வடக்கே விழும். குடையை மேசைக்கு நடுவில் நட்டா வடக்கே உட்கார்ந்தவங்களுக்கு மட்டும்தான் நிழல். 3 மணிக்கு மேல் குடையால் பிரயோஜனமே இல்லை, வெயில் கடல் பக்கமிருந்து கண்ணுக்கு நேரா வரும். மேற்கே இரண்டு மூங்கில் நட்டு, ஆறடி உயரத்துக்கு முடைஞ்ச ஓலைக் கிடுகு கட்டுங்க. தார்ப்பாய் வேண்டாம், காற்றைப் பிடிச்சு மூங்கிலையே சாய்ச்சிடும். கிடுகு காற்றைக் கொஞ்சம் விட்டு, வெயிலை மட்டும் தடுக்கும். சூரியன் 6:20 வாக்கில் மறையும், அதுக்கு அரைமணி முன்னாடி கிடுகைச் சுருட்டிட்டா கடலும் அந்திவானமும் உங்களுக்குத்தான்.

அரப்பும் அம்மியும்

காற்று பத்தி சொன்னது அத்தனையும் சரி. நான் சாப்பாட்டுப் பக்கம் சொல்றேன். நாள் முழுக்கத் தண்ணியில் கிடக்கிறவங்களுக்குப் பெரிய சாப்பாடு ஒண்ணு போட்டா அன்னைக்கு நாளே அத்தோடு முடிஞ்சது. மதியம் 2-க்குப் படுத்தவங்க 5-க்குத்தான் எழும்புவாங்க. கொஞ்சம் கொஞ்சமா, ஆறேழு தடவையா கொடுக்கணும். பெரிய சாப்பாடு வெயில் தாழ்ந்த பிறகு.

8:30-க்கு புட்டு வச்சுக்கோங்க, கரைக்காற்று இருக்கும்போதே வெளியில் சாப்பிட்டு முடிச்சிடலாம். 16 பேருக்கு வறுத்த புட்டுமாவு ஒன்றரைக் கிலோ, தேங்காய் 3, சிறுபயறு 700 கிராம், மட்டிப்பழம் ஒரு குலை. மாவு நனைக்கிறது முந்தின ராத்திரியே வேண்டாம், அரைமணி முன்னாடி போதும். கையில் பிடிச்சா பிடியா நிக்கணும், விரலால் தட்டினா உதிரணும். தண்ணி கூடிப்போனா மிக்ஸியில் ஒரே சுத்து சுத்துங்க, கட்டி உடைஞ்சிடும்.

11-க்கு சம்பாரம் (இஞ்சி, மிளகாய் இடிச்சுப் போட்ட மோர்), வெள்ளரி, பைனாப்பிள். 12:30-க்கு லேசான மதியச் சாப்பாடு. 4:30-க்கு மரச்சீனியும் (மரவள்ளிக்கிழங்கு) மீன்குழம்பும், இதுதான் அந்த நாளோட நடு. 6-லிருந்து சுட்ட மீன், ஒவ்வொரு தட்டா. 8:30-க்கு யாருக்கு வேணுமோ அவங்களுக்கு அரிசிக்கஞ்சி, தேங்காய்த் துவையல், சுட்ட பப்படம். மீனும் வெயிலும் ஆன உடம்புக்கு ராத்திரி கஞ்சி போல எதுவும் ஆகாது.

மரச்சீனி தோலோடு 4 கிலோ வாங்குங்க, அன்னைக்கோ முந்தின நாளோ பிடுங்கினதா பார்த்து. இரண்டு நாள் போனா உள்ளே நீலக்கறுப்பு வரி ஓடும், வேகவும் வேகாது. மேல்தோலும் அதுக்கு அடியில் இருக்கிற தடிச்ச வெள்ளைத்தோலும் இரண்டையும் உரிக்கணும். துண்டு போட்டு, மூழ்குறதுக்கு மேலே நாலு விரல் தண்ணி விட்டு, மூடாமல் கொதிக்க விட்டு, அந்தத் தண்ணியை முழுக்க வடிச்சுக் கொட்டணும். கட்டு போகணும்னா இதுதான் வழி, கிழங்கில் இயல்பா உள்ள நச்சுச்சத்து அந்தத் தண்ணியோடதான் போகும். குக்கரில் அடைச்சு வேகவைக்கிறது தப்பு. உப்பு பாதி வெந்தபிறகு.

குழம்பு தேங்காய் அரைச்சு வைக்காதீங்க. அரைச்ச குழம்பு அந்த வெக்கையில் நாலு மணிநேரத்தில் புளிச்ச வாடை அடிக்கும். தேங்காய் இல்லாத முளகுக் குழம்பு (மிளகாய்க் குழம்பு), குடம்புளி போட்டது. மூணு கிலோ மீனுக்கு குடம்புளி 12 முதல் 15 சுளை, கழுவி கால்மணி ஊறவச்சு. சின்ன உள்ளி (சின்ன வெங்காயம்) 300 கிராம், மண்சட்டியில். காலை 10-க்கு வச்சு இறக்கினா 4:30-க்கு புளி பிடிச்சு சரியா நிக்கும். ஆனா நடுவில் இரண்டு மணிநேரத்துக்கு ஒருதரம் நல்லாக் கொதிக்க விட்டுடணும்.

சம்பாரம்

அக்கா சொன்னதில் ஒண்ணு மட்டும் ஒத்துக்க முடியல. நம்ம பக்கத்தில் பத்துப் பேர் கூடின இடத்தில் இலைச் சாப்பாடு இல்லாம ஒரு பகல் போறதா? 1956 வரைக்கும் இரண்டு பக்கமும் ஒண்ணுதான், முதலில் திருவிதாங்கூர், 1949-லிருந்து திருவிதாங்கூர்-கொச்சி. பருப்பு, நெய், பப்படம்னு இலையில் வரிசை தெரியாதவங்க எல்லைக்கு அந்தப் பக்கமும் கிடையாது, இந்தப் பக்கமும் கிடையாது. குளத்தங்கரையில்தான் காற்று, கிழக்குத் திண்ணையில் ஏது காற்று? வீடே மறைப்பு. 12 மணிக்குத் திண்ணையில் பாய் விரிச்சு இலை போடலாமே.

அரப்பும் அம்மியும்

திண்ணைன்னா சரி, அதுக்கு நான் எதிர்ப்பு இல்லை. ஆனா 20 வகை வேண்டாம். ஏழே ஏழு: பருப்பு நெய், அவியல், பீன்ஸ் தோரன், எரிசேரி, இஞ்சிக்கறி, மோர்க்குழம்பு, பப்படம். பாயாசம் வேண்டாம், குடிச்சவங்களுக்கு தண்ணியில் இறங்க மனசே வராது. வேணும்னா அடைப்பிரதமனை 3 மணிக்குச் சின்னக் கிண்ணத்தில் ஆறவச்சுக் கொடுங்க. அரிசி ஆளுக்கு 150 கிராம்னு வழக்கமாப் போடுவோம், இங்கே 90 போதும். 16 பேருக்கு ஒன்றரைக் கிலோ சம்பா தாராளம். அவியலில் தயிர் சேர்த்தா 12-க்கு வச்சதை 2-க்குள் தீர்க்கணும். தீராதுன்னு தெரிஞ்சா தயிருக்குப் பதிலா மாங்காய் போடுங்க.

சம்பாரம்

ஏழு வகை சரி. அவியலுக்கு மாங்காய் இன்னும் நல்லது.

சம்பாரத்துக்கு அளவு: புளிக்காத தயிர் 2 லிட்டர், தண்ணி 6 லிட்டர், இஞ்சி 60 கிராம், பச்சைமிளகாய் 6, சின்ன உள்ளி ஒரு பிடி, கறிவேப்பிலை, நாரத்தை இலை நாலு. எல்லாத்தையும் இடிச்சுத்தான் போடணும், அரைச்சா கசக்கும். நாரத்தை இலையை அரைமணியில் எடுத்திடணும். உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கட்டும், வெயிலில் வேர்த்துப் போற உப்பு திரும்பி வர இதுதான் வழி. தண்ணிக்குள் கிடக்கிறதால வேர்க்கிறது தெரியாது. தலைவலி, கால் குரக்களி (தசைப்பிடிப்பு)ன்னு சாயங்காலம் வர்றது அதனாலதான். ஆளுக்கு இரண்டு இளநி கணக்கு வச்சு 32 காய் வாங்குங்க, சீவாம நிழலில் வைங்க, குடிக்கிற நேரத்துக்குத்தான் வெட்டணும். நொங்கு ஜனவரியில் தேடாதீங்க, அது கோடைக்குத்தான்.

கரைமடி

மீனுக்கு வருவோம். விழிஞ்சமோ தேங்காப்பட்டணமோ, உங்களுக்கு எது கிட்டக்கவோ அங்கே போங்க. கேட்க வேண்டிய ஒரே கேள்வி: "வள்ளத்து மீனா, தங்குகடல் மீனா?" வள்ளத்து மீன் ராத்திரி போய் காலையில் கரையேறினது. தங்குகடல் மீன் பல நாள் ஐசில் கிடந்தது. தூத்தூர்க்காரங்க போற ஆழ்கடல் மீன் கெட்டதுன்னு சொல்லல, பெரிய சூரையும் நெய்மீனும் அதில்தான் வரும். ஆனா சுடுறதுக்கு வள்ளத்து மீன்தான். செவிள் ரத்தச் சிவப்பா, கண் புடைச்சு, விரலால் அமுக்கினா குழி உடனே நிரம்பணும்.

ஜனவரிங்கிறதால தடைக்காலப் பிரச்சினை இல்லை. இதை வேற மாசத்தில் படிக்கிறவங்களுக்கு: குமரி மேற்குக் கரையில் விசைப்படகுத் தடை ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. கேரளத்தில் டிராலிங் தடை ஜூன் 9 நள்ளிரவில் தொடங்கி ஜூலை 31 வரை. தமிழ்நாட்டுக் கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14. அந்த நாளில் நாட்டு வள்ளத்து மீன் மட்டும் வரும், விலை ஏறும்.

குழம்புக்கு பாரை அல்லது விளமீன் 3 கிலோ. சுடுறதுக்கு முழு மீன், சங்கரா 400 முதல் 500 கிராம் எடையில் 8. முழு மீனில் பாதிதான் சதை. இதோடு கணவா 2 கிலோ. கரிமீன் வேணும்னா பூவாறில் நெய்யாறு கடலில் சேருற கழிமுகத்துப் பக்கம் விசாரிங்க, கால்கிலோ எடையில் 6 வாங்கி இலையில் பொதிஞ்சு சுடலாம். நெய்மீனைக் கரியில் சுடாதீங்க. காய்ஞ்சு நார் ஆகிடும், அது பொரிக்கத்தான்.

முக்கியமா ஒண்ணு. சூரை, அயிலை, சாளை மூணும் வெயிலில் இருந்தா அதில் ஹிஸ்டமின்னு ஒரு பொருள் ஊறும். பிறகு எவ்வளவு வேகவச்சாலும் அது போகாது. தின்ன கொஞ்ச நேரத்தில் முகம் சிவந்து, உடம்பு அரிச்சு, தலை இடிக்கும். நாக்கில் மிளகு கடிச்ச மாதிரி சுரீர்னு இருந்தா துப்பிடணும். அதனால் ஏலக் கரையிலிருந்தே மீனும் ஐசும் சம எடை, அடுக்கடுக்கா. கணவாவும் சேர்த்து 9 கிலோன்னா 9 கிலோ ஐஸ். பெட்டியில் உருகின தண்ணி வடிய ஓட்டை வேணும், மீன் தண்ணியில் மிதக்கக் கூடாது.

பாறசாலைவாசி

அந்த ஐசையே குடிக்கிற தண்ணிக்கும் போட்டுக்கலாமா? தனியா வாங்கணுமா?

கரைமடி

தனியாத்தான். சாப்பிடாத உபயோகத்துக்கான ஐசில் நீலச் சாயம் கலக்கணும்னு 2018 ஜூன் முதல் விதி இருக்கு. நிறம் இல்லாட்டியும் மீன்கரை ஐஸ் எந்தத் தண்ணியில் உறைஞ்சதுன்னு சொல்ல முடியாது. குடிக்க, பழம் குளிர வைக்க 10 கிலோ பாக்கெட் ஐஸ் வேற பெட்டியில். அந்தப் பெட்டிக்குள் கை விடக்கூடாது, ஒரு கரண்டி போட்டு வைங்க.

நீலத்தொட்டி

குளத்தைப் பத்தி யாருமே பேசல. 10-க்கு 5, சராசரி ஆழம் 1.35, ஆக 67,500 லிட்டர். போன உடனே வில்லாக்காரர்கிட்ட சோதனைப் பெட்டியைக் கேட்டு நீங்களே பாருங்க. பி.எச். (தண்ணியோட அமில-கார அளவு) 7.2-க்கும் 7.8-க்கும் நடுவில், குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சத்தில் இத்தனை பங்கு) 16 பேர், தேங்காயெண்ணெய் தேய்ச்ச தலை, சன்ஸ்கிரீன் எல்லாம் இறங்கினா மதியத்துக்குள் குளோரின் பாதியாகும். அந்த அளவுக் குளத்தில் 1 பி.பி.எம். கூட்ட 65 சதவீதக் குளோரின் தூள் 100 கிராம் போதும். வாளித் தண்ணியில் முதலில் கரைச்சு, ஆள் இல்லாத நேரத்தில், பம்ப் ஓடும்போது ஊத்தணும். தூளில் தண்ணி ஊத்தக்கூடாது, தண்ணியில்தான் தூளைப் போடணும். மிதக்கிற குளோரின் வில்லை வகையையும் இந்தத் தூளையும் ஒரே டப்பாவில், ஒரே கரண்டியில் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தா தீப்பிடிக்கும்.

குளத்தில் மருந்து வாடை தூக்கலா அடிச்சா குளோரின் அதிகம்னு எல்லாரும் நினைக்கிறாங்க. நேர் எதிர். வேர்வையும் மூத்திரமும் குளோரினோடு சேர்ந்து உண்டாகிற வாடை அது. குளோரின் பத்தலைன்னு அர்த்தம். அதனால இறங்கும் முன்னாடி ஒவ்வொருத்தரும் ஒரு நிமிஷம் குளிச்சிட்டு வரணும். பாதி வேலை அதில் முடியும்.

இனி சாப்பாடு. கண்ணாடி கிளாஸ் குளத்திலிருந்து 5 மீட்டருக்குள் வரவே கூடாது. தண்ணிக்குள் உடைஞ்ச கண்ணாடி கண்ணுக்குத் தெரியாது. முழுக் குளத்தையும் வடிச்சுத் தரையைத் துடைக்கணும், உங்க நாள் அங்கேயே முடிஞ்சது. அக்கா சொன்ன மண்சட்டியும் அப்படித்தான், திண்ணையிலேயே இருக்கட்டும், அங்கேயிருந்து ஸ்டீல் கிண்ணத்தில் கொண்டு வாங்க. மஞ்சளும் எண்ணெயும் சேர்ந்த குழம்பு வெள்ளை டைல்ஸ் இடுக்கில் விழுந்தா கறை போகாது. விழுந்த உடனே பாத்திரம் கழுவுற சோப்பும் வெந்நீரும். ஆனா அந்தச் சோப்புத் தண்ணி குளத்துக்குள் வழியக்கூடாது, நுரை இரண்டு நாள் நிக்கும்.

சின்னப் பிள்ளை தண்ணிக்குள் வாந்தி எடுத்தாலோ, கட்டியா மலம் போனாலோ, எல்லாரையும் வெளியேத்தி, வலையால் அள்ளி, பி.எச். 7.5-க்குள் வச்சு, குளோரின் 2 பி.பி.எம்.-ல் 25 நிமிஷம் நிக்கணும். வயிற்றுப்போக்குன்னா அன்னைக்குக் குளம் கிடையாது. அது பெரிய சுத்திகரிப்பு, வில்லாக்காரர் பொறுப்பு.

பாறசாலைவாசி

நன்றி அண்ணாச்சி. சாப்பிட்டு ஒரு மணிநேரம் தண்ணியில் இறங்கக் கூடாதுன்னு வீட்டில் பெரியவங்க சொல்றாங்க. இவ்வளவு தடவை சாப்பாடு போட்டா பிள்ளைங்க எப்போ இறங்குறது? சாண்ட்விச், மயோனைஸ் கொண்டு வர்றதா ஒருத்தங்க சொல்றாங்க, அதுவும் சரியா?

நீலத்தொட்டி

சாப்பிட்டதால மூழ்கினாங்கன்னு சொல்ல ஆதாரம் கிடையாது. வயிறு முட்டத் தின்னா நீந்த சிரமமா இருக்கும், பிள்ளைங்க கக்கும், அவ்வளவுதான். கொஞ்சமாச் சாப்பிட்டா பத்து இருபது நிமிஷம் போதும். உண்மையான ஆபத்து குடி. குடிச்சவர் தண்ணியில் இறங்கக் கூடாது, பிள்ளைங்களைப் பார்த்துக்கவும் கூடாது. காவலுக்கு எப்பவும் ஒரு ஆள் பேரைச் சொல்லி நிறுத்துங்க, 20 நிமிஷத்துக்கு ஒருத்தர் மாறட்டும், கையில் ஃபோன் இருக்கக் கூடாது. "எல்லாரும் இருக்கோமே"ங்கிற நேரத்தில்தான் யாரும் பார்க்கிறதில்லை. மூழ்குற பிள்ளை சத்தம் போடாது, கையை ஆட்டாது. சாப்பாடு பரிமாறுற நேரம் குளம் மூடின நேரமா இருக்கட்டும்.

அரப்பும் அம்மியும்

மயோனைஸ் வேண்டாம். பச்சைமுட்டை மயோனைஸைக் கேரளம் 2023 ஜனவரியில் தடை செஞ்சது, தமிழ்நாடு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை போட்டது, சால்மோனெல்லாக் கிருமி பயம்தான் காரணம். பிள்ளைங்க சாண்ட்விச் கேட்டா கெட்டித்தயிரைத் துணியில் கட்டி இரண்டு மணிநேரம் தொங்கவிட்டு, மிளகும் வெள்ளரியும் சேர்த்துத் தடவுங்க. எந்தச் சாப்பாடும் வெளியில் இரண்டு மணிநேரத்துக்கு மேல் இருக்க வேண்டாம். வெயில் 32 டிகிரியைத் தாண்டினா ஒரு மணிநேரம்தான்.

மேற்குக்காற்று

கள் பத்தி இன்னும் யாரும் கேட்கல, கேட்கும் முன்னாடி சொல்லிடுறேன். எல்லைக்கு அந்தப் பக்கம் கள்ளுக்கடை உண்டு, தமிழ்நாட்டில் 1987 முதல் தடை. வில்லா நீரோடிப் பக்கம்னா வாங்கிட்டு வர்றது குற்றம்.

கடலிலும் இறங்க விடாதீங்க. அந்தக் கரையில் அலை சும்மா கிடக்கிற மாதிரி இருக்கும். தூரத்துத் தெற்குக் கடலில் கிளம்பின அலை இங்கே காற்றே இல்லாத நாளில் வந்து ஏறும். கள்ளக்கடல்னு மீனவர் சொல்றது அதைத்தான். 2024 மே 6-ம் தேதி குமரி மாவட்டம் லெமூர் கடற்கரையில் மருத்துவ மாணவர்கள் 5 பேர் அலையில் சிக்கி உயிர் போனது அப்படி எச்சரிக்கை இருந்த நாளில்தான். ஐதராபாத் இன்காய்ஸ் மையம் விடுற அலை எச்சரிக்கையை முந்தின ராத்திரியும் அன்னைக்குக் காலையிலும் பாருங்க.

கரைமடி

சுடுறதுக்கு சிரட்டைக்கரி 4 கிலோ. வெறும் சிரட்டையை எரிச்சா தார்ப்புகை மீனில் ஏறும், கரியா வாங்குங்க. 5 மணிக்குப் பத்த வச்சா 5:40-க்கு மேலே வெள்ளைச் சாம்பல் பூத்து நிக்கும், அப்போதான் மீன் வைக்கணும். தீ நாக்கு தெரியும்போது வச்சா வெளியே கருகி முள்ளோரம் பச்சையா இருக்கும். கம்பிவலை நல்லாச் சுடணும், எண்ணெய்த் துணியால் துடைக்கணும், பிறகு மீனைத் துடைச்சு வைக்கணும். ஈர மீனும் குளிர்ந்த கம்பியும் சேர்ந்தா ஒட்டும், தோலோடு உரியும். அரைக்கிலோ சங்கரா ஒரு பக்கம் 8 நிமிஷம், ஒரே ஒரு தரம்தான் திருப்பணும். தானா விட்டு வரலைன்னா இன்னும் வேகலைன்னு அர்த்தம், இழுக்காதீங்க. கணவா இரண்டு நிமிஷம், அதுக்கு மேலே போனா ரப்பர்.

அரப்பும் அம்மியும்

அரப்பில் (மீனில் தடவுற அரைச்ச மசாலா) உப்பு மீன் கிலோவுக்கு 12 கிராம், அரைமணி ஊறினா போதும். எலுமிச்சை சுடுறதுக்குப் பத்து நிமிஷம் முன்னாடி. முன்னாலேயே பிழிஞ்சா சதை வெளுத்துச் சுண்ணாம்பு மாதிரி உதிரும். கரிமீன் பொதிய இலையைத் தீயில் வாட்டணும், வாட்டாத இலை மடிக்கும்போது கிழியும். வாழைநாரை நனைச்சுக் கட்டுங்க.

மீன் கழுவுறது அடுக்களைப் பின்பக்கம்தான். குளத்துப் பக்கம் ஒரு செதில் விழுந்தாலும் காக்காயும் பருந்தும் சாயங்காலம் வரை தலைக்கு மேலே சுத்தும். தட்டிலிருந்தே மீனைத் தூக்கும். கழிவைத் தோண்டிப் புதைக்கணும், மேலே ஒரு கல் வைங்க, நாய் தோண்டும்.

நீலத்தொட்டி

ராத்திரி விளக்கு 12 வோல்ட் மட்டும். எக்ஸ்டென்ஷன் வயர், இண்டக்‌ஷன் அடுப்பு, ஸ்பீக்கர் எதுவும் குளத்து ஓரத்துக்கு மூணு மீட்டருக்குள் வேண்டாம். வில்லா மெயின் போர்டில் 30 மில்லி ஆம்பியர் கசிவுத் துண்டிப்பான் இருக்கான்னு பார்த்து, அதிலுள்ள சோதனைப் பொத்தானை அமுக்குங்க. கட் ஆகலைன்னா வெளி விளக்கே போடாதீங்க.

பாறசாலைவாசி

அடுப்பு வடகிழக்கு, மேசை தெற்கு, திண்ணையில் 12-க்கு ஏழு வகை, சுடுறது 5:30-க்கு. மாத்தியாச்சு. கடைசியா ஒண்ணு: கஞ்சி நேரத்துக்குப் பப்படம் நமக்காம வைக்க வழி உண்டா?

சம்பாரம்

எண்ணெயில் பொரிக்காதீங்க. கரி அணையுற நேரத்தில் அந்தச் சூட்டிலேயே சுட்டு, மூடி இறுகின எவர்சில்வர் தூக்கில், அடியில் ஒரு பிடி வறுத்த அரிசி போட்டு, மேலே துணி விரிச்சு அடுக்குங்க. மூடியைத் திறக்கிறது இலையில் வைக்கிற நேரத்துக்கு மட்டும்.

நீலத்தொட்டி

எல்லாரும் கரையேறினதும் பம்பை நிறுத்தாதீங்க, ராத்திரி முழுக்க ஓடட்டும். வெயில் போனபிறகு 200 கிராம் தூள் கரைச்சு ஊத்தச் சொல்லுங்க, பகலில் ஊத்தினா வெயில் தின்னுடும். காலையில் ஃபில்டரை பேக்வாஷ் (தண்ணியை எதிர்ப்பக்கமா ஓடவிட்டுக் கழுவுறது) செய்யணும், கண்ணாடிக் குழாயில் தண்ணி தெளிஞ்சு வர்ற வரைக்கும்.